பிரசங்கத்தின் சொந்தக்காரர்

அத்தியாயம் 11

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, பிரையர்லி ஹாலின் மூன்றாவது மாடி அறையில், சிப்போரா லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு வரியை அடிப்பதும் அழிப்பதுமாக இருந்தாள்.

"இந்தப் பிரசங்கங்கள் தம்முடையவை என்று சொல்லி எனக்குக் கொடுத்தவர் என் தந்தை."

அவ்வளவுதான் வரி. அனுப்பினால் அவள் தப்பித்தாள், அப்பா மாட்டினார். அனுப்பாவிட்டால் அவள் மாட்டினாள். புதன்கிழமையிலிருந்து இந்த வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். நமக்கும் போன வாரம் கதை அங்கேதான் நின்றுபோயிற்று.

இந்த வாரம்தான் வந்து சேர்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரையர்லி ஹால் சாதாரண ஹாஸ்டல் இல்லை. இலக்கியம், வரலாறு, தத்துவம் படிக்க வந்த பிள்ளைகளில் மதிப்பெண்ணில் முன்னால் நிற்கிற எண்பது பேரைப் பொறுக்கி எடுத்து ஒரே கூரைக்குக் கீழே போட்டிருக்கிறது பல்கலைக்கழகம். தூக்கம் மேலே, வகுப்பு கீழே. இங்கே பல் தேய்க்கும்போதுகூட ஒருவன் பக்கத்தில் வந்து நின்று, சொந்தச் சிந்தனை என்று உலகத்தில் ஒன்று உண்டா என்று கேட்பான்.

எல்லாச் சொல்லும் இரவல்தான் என்று காலையில் மேஜையைத் தட்டிப் பேசுகிற அதே பிள்ளைகள், அடுத்தவர் எழுத்தில் நான்கு வரி எடுத்தவனைச் சாயங்காலம் நேர்மைக் குழுவின் முன்னால் நிறுத்திவிடுவார்கள். குழுவில் ஐந்து பேர், ஐந்து பேரும் மாணவர்கள். ஒவ்வொரு தேர்வுத் தாளிலும் 'என் மானத்தின் மீது ஆணை' என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடுகிற இடம் இது. குழு கைவிட்டால் ஹானர்ஸ் படிப்பு போகும். படிப்பு போனால் ஒரு வாரத்துக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். உதவித்தொகையும் கூடவே போய்விடும்.

இரண்டாம் வருடப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு ஆய்வு செய்து, குடும்ப நாளன்று கீழே பெரிய கூடத்தில் காட்சிக்கு வைக்க வேண்டும். சிப்போராவின் ஆய்வுக்குப் பெயர் 'என் அப்பாவின் சொந்தச் சொற்கள்'. அப்பா அலோன்சோ கேட்லிங், தெற்கே இரண்டரை மணி நேரத் தொலைவில் மெரிட் க்ரீக் என்கிற சின்ன ஊரில் பெத்தோர் சபையின் பாஸ்டர். இருபத்திரண்டு வருடமாக அதே பிரசங்க மேடை. கோடை விடுமுறை முழுக்க அவருடைய நோட்டுப் புத்தகங்களிலிருந்து நாற்பது பிரசங்கங்களைச் சிப்போரா தட்டச்சு செய்தாள். புதன்கிழமை அத்தனையையும் ஆய்வோடு சேர்த்துப் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றினாள்.

அங்கே காப்பியடித்ததை மோப்பம் பிடிக்கிற மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதற்கு அப்பாவும் தெரியாது, மகளும் தெரியாது. யார் பெயரில் ஏறியதோ அவர்தான் திருடர். நாற்பதில் ஒன்பது பிரசங்கங்களை அது பிடித்துக்கொண்டது. அதில் ஒன்று கழுதைப் பிரசங்கம்.

வெள்ளம் வந்த ஆற்றின் மேல் பாதிப் பாலத்தில் ஒரு கோவேறு கழுதை நின்றுவிடுகிறது. பெயர் டோபி. வண்டிக்காரர் அடிக்கிறார், கெஞ்சுகிறார், அழுகிறார். டோபி நகரவில்லை. அவர் கண்ணெதிரிலேயே பாலத்தின் மறுபாதி தண்ணீரோடு போகிறது. அந்த வண்டிக்காரர் அப்பாவின் தாத்தா. மெரிட் க்ரீக்கில் இந்தக் கழுதை இல்லாமல் ஒரு சாவு அடக்கமாகாது. சிப்போரா சின்ன வயதில் டோபியைக் கலர் பென்சிலால் வரைந்து தலைமாட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு தூங்கியவள்.

மென்பொருள் காட்டியது ஒரு பழைய சிறு புத்தகம். 1958இல் ஆர்கன்சாஸ் பக்கத்துப் போதகர் ஒருவர் அச்சடித்தது. அதே வெள்ளம், அதே பாலம். கழுதையின் பெயரும் டோபி.

"ஒரு வரி எழுதிக் குடு போதும்," என்று சொல்லியிருந்தார் டாக்டர் விட்லோ. ஹானர்ஸ் படிப்புக்குத் தலைவர், ஹாலின் கீழ்த்தளத்தில் நாயோடு குடியிருக்கிற அம்மாள். "எங்கேருந்து வந்துச்சு, யார் குடுத்தாங்கன்னு எழுது. சனிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு. உன் மேல தப்பு இல்லன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?"

இன்று அந்தச் சனிக்கிழமை.

"எழுந்துட்டியா?" என்றாள் எதிர்க்கட்டிலிலிருந்து அன்னிகா. அறைத்தோழி. இந்த வழக்கில் அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நேர்மைக் குழுவின் ஐந்து பேரில் அவள் ஒருத்தி. ஒரே அறை என்பதால் விலகி நிற்கிறாள். ஆனாலும் அறிவிப்புகள் அவள் போனுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

"தூங்கினாதானே எழுந்துக்க."

"உன் கேஸைப் பத்தி நான் உங்கிட்ட பேசக்கூடாது."

"நான் கேட்டேனாடி?"

"கேக்கல. ஆனா காபி வாங்கிட்டு வரலாமில்ல? காபிக்கு ரூல் ஒண்ணும் இல்லையே?" அன்னிகா செருப்பைத் தேடினாள். வாசல் வரைக்கும் போனவள் திரும்பாமலே சொன்னாள். "நீ இந்த ரூமை விட்டுப் போனா, எவளோ ஒருத்திய கொண்டாந்து போடுவாங்க. எனக்குப் புதுசா யாரையும் பழக்கிக்க முடியாது. இதப் பேசலாம்னு நெனைக்கிறேன்."

காபி வந்தது. ஆறிப்போனது.

*

பதினொரு மணிக்கு வெள்ளை நிறச் சபை வேன் ஹால் வாசலில் வந்து நின்றது. அம்மாவும் அப்பாவும் மட்டும் வருவார்கள் என்று நினைத்திருந்தாள். வேனிலிருந்து அவர்களோடு சபையார் பதினான்கு பேரும் இறங்கினார்கள். எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பு. பொரித்த கோழி தனி டப்பா, பவுண்டு கேக் தனி டப்பா. பச்சைத் தொப்பி வைத்த சிஸ்டர் யூலாமே இறங்கியதுமே இரண்டு கையையும் விரித்தார்.

"எங்க புள்ளடி நீ! காலேஜுல எங்க பாஸ்டரைப் பத்திப் படிக்கிறாங்களாம்! ஊரு முச்சூடும் சொல்லிட்டேன்."

"நீங்க சொல்லாத ஊரு எது சிஸ்டர்?" என்றார் அப்பா, தொப்பியைக் கழற்றியபடி. பெரிய உடம்பு, சிறிய சிரிப்பு. மகளை அணைத்துக்கொண்டு, "இளைச்சுட்டியே சிப்பு," என்றார். "மூணு மணிக்கு அஞ்சு நிமிஷம் பேசணும்னு உங்க டாக்டரம்மா லெட்டர் போட்டிருந்தாங்க. டோபியத்தான் சொல்லப் போறேன். வேற எதச் சொன்னாலும் இவங்க என்னை வேன்ல ஏத்த மாட்டாங்க."

பதினான்கு பேரும் சிரித்தார்கள். சிப்போராவும் சிரித்து வைத்தாள். டாக்டர் விட்லோ அந்தக் கடிதத்தை எழுதியது போன மாதம். அப்போது டோபி அவர்கள் வீட்டுக் கழுதை.

லிஃப்ட் பழுது. அம்மா வெர்னீஸுக்கு முழங்கால் வலி. ஆனாலும் மகளின் அறையைப் பார்க்காமல் விடுவாளா? ஒவ்வொரு படியாக ஏறி, மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த இடத்துக்கு நேர் எதிரே லேப்டாப் திறந்திருந்தது. கேக் டப்பாவைக் குட்டி ஃப்ரிட்ஜுக்குள் திணித்துவிட்டுச் சிப்போரா திரும்பியபோது, அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியைப் படித்து முடித்திருந்தாள்.

"இது என்ன கண்ணு?"

சொல்லத்தான் வேண்டியிருந்தது. புதன்கிழமையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள். அம்மா குறுக்கே ஒன்றுமே கேட்கவில்லை. அதிலிருந்தே சிப்போராவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியும்."

"இருவத்திரண்டு வருஷமா தெரியும்."

"அம்மா!"

"கத்தாத. பாஸ்டருங்க எல்லாரும் பண்றதுதான். சபை விருந்துக்குப் பாத்திரம் கொண்டு வரோம். எது யாருதுன்னு அடியில பேர் ஒட்டியிருக்கும். சாப்புடறவன் எவனாவது திருப்பிப் பாக்கறானா? பசிச்சவனுக்குச் சோறு, அவ்வளவுதான்."

"பேரை உரிச்சுட்டு உங்க பேரை ஒட்டினா?"

வெர்னீஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"மத்த எட்டைப் பத்தி நான் கேக்கலம்மா. தன் தாத்தாவோட கழுதைன்னு ஏன் சொன்னாரு? நான் அதப் படம் வரைஞ்சேனே! தலைமாட்டுல ஒட்டினேனே!"

"உங்கப்பாவை இந்த வரியில எழுதாத சிப்போரா." அம்மாவின் குரல் தாழ்ந்தது. சபை விஷயம் பேசும்போது மட்டும் வருகிற குரல் அது. "உனக்குப் பத்தொம்பது வயசு. இந்த ரூம் போனா வேற ரூம். இந்தப் படிப்பு போனா வேற படிப்பு. அவருக்கு அறுவத்தொண்ணு. அவருக்கு இருக்கிறது ஒரே ஒரு சபை. வேற புத்தகத்துல இருந்து நீதான் தெரியாம சேத்துட்டேன்னு எழுதிட்டா, உன்னை யாரும் தூக்குல போட மாட்டாங்க."

"நான் திருடின்னு எழுதச் சொல்றீங்களா?"

"தப்பு பண்ணிட்டேன்னு எழுதச் சொல்றேன். சின்னப் புள்ளைங்க தப்பு பண்ணும்."

சிப்போராவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பெற்ற தாய் இப்படிக் கேட்பாள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. அதைவிடக் கேவலம், ஒரு நிமிடம் சரி என்று சொல்லிவிடலாம் போலவும் இருந்தது.

"நான் கீழ போறேன்."

"போ. முட்டி வலிக்குது, நான் கொஞ்ச நேரம் கழிச்சு வரேன்," என்றாள் வெர்னீஸ்.

*

இரண்டரை மணிக்கு அப்பா முதல் மாடிப் படிக்கட்டின் திருப்பத்தில், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு உதட்டுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தார். எந்தப் பிரசங்கத்துக்கு முன்னாலும் அப்படித்தான் நிற்பார். வீட்டில் அந்த நேரத்தில் யாரும் கிட்டே போகமாட்டார்கள்.

சிப்போரா போனாள்.

"அப்பா, டோபி யாரோட கழுதை?"

உதடுகள் நின்றன. அவர் திரும்பவில்லை. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, நாலாக மடித்து, மறுபடியும் பையிலேயே வைத்தார்.

"எப்ப தெரியும்?"

"புதன்கிழமை."

"அதான் இளைச்சுட்டியா?"

அந்தக் கேள்விக்கு அவள் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே மீதியையும் சொன்னாள். குழு, ஐந்து மணி, அந்த ஒரு வரி. அம்மா கேட்டதை மட்டும் சொல்லவில்லை.

"நான் எழுதிக் குடுத்தா விட்டுருவாங்களா?"

"நான்தான் எழுதணும்."

"அப்ப எழுது. இதுல யோசிக்க என்ன இருக்கு?" படிக்கட்டில் மெதுவாக உட்கார்ந்தார். "ஆனா ஒண்ணு. என் ஜனங்க இதக் கடுதாசில பாத்துத் தெரிஞ்சுக்கக்கூடாது. முதல்ல என் வாயால கேக்கட்டும். நான் பேசி முடிச்சதும் மேல போய் அனுப்பு."

"இன்னிக்கேவா? எல்லார் முன்னாடியுமா?"

"வேற எப்ப சொல்லப் போறேன்? நாளைக்கு ஞாயித்துக்கிழமை. மேடையில ஏறினா எனக்குத் தைரியம் போயிடும் கண்ணு."

அவர் சொன்னதை அவள் நம்பினாளா? பாதி நம்பினாள். இருபத்திரண்டு வருடப் பழக்கத்தை ஒரு மத்தியானத்தில் விட்டவர்களை அவள் கண்டதில்லை.

*

மூன்று மணி. பெரிய கூடத்தில் உட்கார இடமில்லை. நாற்பது காட்சிப் பலகைகள், அவற்றுக்கு நடுவே பெற்றோர்கள், தரையில் சம்மணம் போட்ட மாணவர்கள். முன்வரிசை முழுக்கப் பெத்தோர் சபை. அதில் ஒரு நாற்காலி காலி. அம்மா இன்னும் இறங்கவில்லை.

டாக்டர் விட்லோ இரண்டு வாக்கியத்தில் அறிமுகம் செய்துவிட்டு, சிப்போராவைப் பார்க்காமல் உட்கார்ந்தார். அலோன்சோ கேட்லிங் எழுந்தார். மைக் வேண்டாம் என்று கையசைத்தார்.

"ஒரு ஆறு இருந்தது."

"இருந்தது, பாஸ்டர்!" என்றது முன்வரிசை.

"அதுல வெள்ளம் வந்தது."

"வந்தது!"

தரையில் இருந்த பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிரசங்கத்துக்குப் பதில் சொல்கிற வழக்கத்தை அவர்கள் புத்தகத்தில் படித்திருக்கிறார்கள். நேரில் கேட்பது பலருக்கு அதுவே முதல் தடவை.

"பாலத்து மேல ஒரு கழுதை நின்னது."

பதில் வரவில்லை. சிஸ்டர் யூலாமே தொப்பியைச் சரி செய்துகொண்டார். நாற்பது தடவை கேட்ட பிரசங்கம், ஒரு சொல் குறைந்தால் தெரியாதா?

"யாரோட கழுதை, பாஸ்டர்?" என்று ஆசையாக எடுத்துக்கொடுத்தார்.

அப்பா தொடரப் பார்த்தார். "ஒரு கழுதை..."

"தாத்தா கழுதைன்னு சொல்லுங்க!" என்றார் இன்னொருவர். "சொல்லுங்க பாஸ்டர்! ஆமென்!" பதினான்கு பேரும் கைதட்டினார்கள். மாணவர்களும் சேர்ந்து தட்டினார்கள். வழி தவறிய பாஸ்டரைக் கைப்பிடித்து வழிக்குக் கொண்டுவருவதாகத்தான் அவர்கள் நினைத்தார்கள். பாவம், அத்தனையும் அன்பு.

சொல்லிவிடுவார் என்று சிப்போரா நினைத்தாள். ஆமாம், என் தாத்தா கழுதைதான் என்று சொல்லிவிடுவார். அந்தக் கைதட்டலுக்கு முன்னால் அவளாக இருந்தாலும் சொல்லியிருப்பாள்.

"அது என் தாத்தா கழுதை இல்ல."

கைதட்டல் ஒவ்வொரு கையாக நின்றது.

"என் தாத்தாகிட்ட கழுதையே கிடையாது. அவர் ரயில்வே ஸ்டேஷன்ல மூட்டை தூக்கினவர். மில்லு தீப்பிடிச்ச வருஷம் ஒரே நாள்ல ஆறு பெட்டிய அடக்கம் பண்ணோம். நான் புது பாஸ்டர். உங்களுக்குச் சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. பழைய புத்தகம் ஒண்ணுல இருந்து எடுத்துச் சொன்னேன். எங்க தாத்தான்னு சொன்னா நம்புவீங்கன்னு தோணுச்சு. அப்பறம் திருப்பி எடுத்துக்க முடியல. என் மக இதுக்காக இன்னிக்கு இங்க மாட்டிக்கிட்டு நிக்கிறா. அவ மேல தப்பு இல்ல. என் மேலதான்."

ஆமென் வரவில்லை. பெத்தோர் சபை பதில் சொல்லாமல் இருந்து சிப்போரா பார்த்ததே இல்லை.

சிஸ்டர் யூலாமே எழுந்தார். அந்த ஆறு பெட்டியில் ஒன்று அவருடைய கணவருடையது.

"என் புருஷன் பெட்டிக்குப் பக்கத்துல நின்னு சொன்னீங்களே, பாஸ்டர்."

"ஆமா சிஸ்டர்."

"அன்னிக்கு ராத்திரி அந்தக் கழுதைய நெனச்சுத்தான் நான் தூங்கினேன்."

கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். ஒவ்வொருவராக முன்வரிசை காலியானது.

அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். மகளைப் பார்த்து, போ என்று தலையசைத்தார்.

சுவரோரம் நின்றிருந்த அன்னிகா கையில் போனோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. அப்பாவுக்காக வருத்தப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு சிப்போரா படிகளை இரண்டிரண்டாகத் தாவினாள். நெஞ்சு கனத்தாலும் ஒரு ஓரத்தில் நிம்மதி இருந்தது. அதற்காக அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

அம்மா இன்னும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். கை இரண்டும் மடியில்.

"அனுப்பிட்டேன் கண்ணு," என்றாள்.

"எத?"

வெர்னீஸ் திரையைக் காட்டினாள். அப்பாவைப் பற்றிய வரி இல்லை. அந்த இடத்தில் வேறு நான்கு வரிகள்.

"பழைய புத்தகங்களின் வரிகளைப் பிரசங்கங்களில் சேர்த்தது நான்தான். என் தந்தைக்கு இது எதுவும் தெரியாது. என் மானத்தின் மீது ஆணை. சிப்போரா கேட்லிங்."

கீழே, பெற்றுக்கொள்ளப்பட்டது, மணி 3:12.

"திட்டணும்னா திட்டிக்கோ. நீ அவரப் பத்தியும் எழுத மாட்ட, உன்னப் பத்தியும் எழுத மாட்ட. ரெண்டுக்கும் நடுவுல கெடந்து அல்லாடற. அதான் நானே..."

"அம்மா, அப்பா கீழ எல்லாத்தையும் சொல்லிட்டாரும்மா. சபை முன்னாடி. அவர் வாயாலயே."

வெர்னீஸ் சட்டென்று எழப் பார்த்தாள். முழங்கால் விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே, மூன்று மாடிக்குக் கீழே, வெள்ளை வேன் கிளம்பி வளைவில் திரும்பியது. அப்பா அதில் இல்லை. வாசல் படியில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தனியாக நின்றிருந்தார்.

பிரையர்லி ஹாலில் காப்பியடித்தவனுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுப்பார்கள். பொய்யாணை செய்தவனுக்குக் கொடுத்ததில்லை. முதல் நாளே சொல்லி, கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

"அதனால என்ன?" என்றாள் வெர்னீஸ். "இன்னும் அஞ்சு மணி ஆகலையே. இன்னொண்ணு அனுப்பிடலாம். முதல்ல போனது பொய்யி, நீ அனுப்பலன்னு எழுதிடு."

சிப்போரா அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். அந்த முழங்காலின் மேல் கையை வைத்தாள்.

"அப்ப யார் அனுப்பினாங்கன்னு கேப்பாங்கம்மா."